பென் டிரைவ் வாங்கும்போது மதுரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஃப்ளெக்ஸ் டிசைன் செய்பவர்கள், மைக் செட்டுக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள் என்று யார் வந்தாலும் பென் டிரைவ் பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கடையில் நின்றபடி அவசரமாகச் சொல்லும் பதிலில் பாதி விட்டுப்போகிறது. அதனால் பொறுமையாக இங்கே எழுதியிருக்கிறேன்.

கடைக்குப் போனதும் என்ன கேட்டு வாங்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

"யுஎஸ்பி 3.2 ஜென் 1, 64 ஜிபி, நல்ல கம்பெனி, பில்லோடு வேணும்" என்று கேளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு இது போதும். கூடவே இன்னொரு கேள்வி: "இதோட ரைட் ஸ்பீட் எவ்வளவு?" டிரைவில் கோப்பை எழுதும் வேகம்தான் அது. பல கடைகளில் இதற்கு உடனே பதில் வராது, அட்டையிலும் பெரும்பாலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். மாடல் பெயரைப் போனில் தேடி, தயாரித்த கம்பெனியின் தளத்திலேயே பாருங்கள்.

எல்லோரும் ஜிபியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது எழுதும் வேகம். ஒரே விலையில் மெதுவான 128 ஜிபியும் வேகமான 64 ஜிபியும் இருந்தால் நான் 64 ஜிபியைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

யுஎஸ்பி 3.0, 3.1, 3.2 என்று விதவிதமாகப் போட்டிருக்கிறார்கள். எது புதுசு?

பெயர்தான் மாறியிருக்கிறது, பொருள் பல இடங்களில் ஒன்றேதான். 2008-இல் யுஎஸ்பி 3.0 வந்தது. அதையே பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றுமே நொடிக்கு 5 கிகாபிட் தரும் ஒரே பாதை. 3.2 ஜென் 2 என்று இருந்தால் அது நொடிக்கு 10 கிகாபிட், உண்மையிலேயே அடுத்த படி.

2000-இல் வந்த யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி (மெகாபைட்) தான் அதில் கிடைக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல பென் டிரைவ்கள் இன்றும் இந்த வகைதான். சான்டிஸ்க் குரூசர் பிளேடு அதற்கு நல்ல உதாரணம். நம் ஊரில் அதைப் பார்க்காத ஜெராக்ஸ் கடை இருக்காது. மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன், வேகத்தை எதிர்பார்த்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடையாளம் தெரிய வேண்டுமா? பென் டிரைவின் வாய்க்குள் பாருங்கள். 2.0 என்றால் நான்கு உலோகப் பட்டைகள் மட்டும் தெரியும். 3.0 என்றால் அந்த நான்குக்குப் பின்னால் இன்னும் ஐந்து சிறிய முனைகள் இருக்கும். நீல நிறப் பிளாஸ்டிக் இருந்தால் 3.0 என்பது பொதுவாகச் சரிதான், ஆனால் நிறத்துக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. எண்ணிப் பார்ப்பதே நிச்சயம்.

அட்டையில் 150 எம்பி என்று இருக்கிறது. எனக்கு 20 தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. அட்டையில் இருப்பது படிக்கும் வேகம், அதுவும் "வரை" என்ற சொல்லோடு. நீங்கள் பார்த்தது எழுதும் வேகம். ஃப்ளாஷ் நினைவகத்தில் இருப்பதைப் படிப்பது சுலபம். எழுதுவதென்றால் பழையதை ஒரு பெரிய தொகுதியாக அழித்துவிட்டு, ஒவ்வொரு செல்லிலும் மின்னூட்டத்தைச் சரியான அளவுக்கு ஏற்ற வேண்டும். அதனால் மலிவான டிரைவ்களில் படிக்கும் வேகத்துக்கும் எழுதும் வேகத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

இந்த வித்தியாசம் நேரமாக மாறும்போதுதான் உறைக்கும். ஒரு கல்யாண வீடியோ 50 ஜிபி என்று வையுங்கள். நொடிக்கு 6 எம்பி எழுதும் டிரைவில் அதை ஏற்ற இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 30 எம்பி என்றால் அரை மணிக்குள் முடியும். 100 எம்பி என்றால் எட்டு ஒன்பது நிமிடம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கும்போது இந்த மூன்றில் எது வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிரைவ் நன்றாக இருந்தும் வேகம் வராததற்கு வேறு சில காரணங்களும் உண்டு. முதலில் போர்ட். டெஸ்க்டாப்பின் முன்பக்கம் இருப்பது பல கேபினெட்டுகளில் 2.0 போர்ட்தான், பின்னால் மதர்போர்டில் இருக்கும் நீலப் போர்ட்டில் போட்டுப் பாருங்கள். மலிவான ஹப், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். 3.0 டிரைவை மெதுவாக, தயங்கித் தயங்கிச் செருகினால் முன்னால் இருக்கும் நான்கு பட்டைகள் முதலில் தொட்டு, கம்ப்யூட்டர் அதை 2.0 என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. கழற்றி, ஒரே மூச்சில் செருகுங்கள்.

இன்னொன்று, கோப்புகளின் எண்ணிக்கை. ஒரே 4 ஜிபி வீடியோ வேகமாகப் போகும். அதே 4 ஜிபி சின்னச் சின்னப் படங்களாக, ஆயிரக்கணக்கில் இருந்தால் தவழும். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகப் பதிவேடு எழுத வேண்டியிருப்பதுதான் காரணம். அவற்றை ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்பினால் நேரம் நன்றாகக் குறையும்.

ஆரம்பத்தில் பறக்கிறது, பாதியில் படுத்துவிடுகிறது. ஏன்?

விண்டோஸில் காப்பி போடும்போது பச்சை நிறத்தில் ஒரு வரைபடம் ஓடும், பார்த்திருப்பீர்கள். "மோர் டீடெயில்ஸ்" என்பதைத் தட்டினால் விரியும். முதலில் 120, 110 என்று மலை மாதிரி உயரமாகப் போகும். சில ஜிபி தாண்டியதும் செங்குத்தாக விழுந்து 15, 20 என்று தரையோடு ஊர்ந்துகொண்டிருக்கும். சிலவற்றில் இடையிடையே பூஜ்யத்துக்கே போய், சற்று நின்று, மறுபடி எழும்.

தொடக்கத்தில் தெரியும் உயரத்தில் கொஞ்சம் உங்கள் கம்ப்யூட்டரின் ரேம் காட்டும் வேகம். மீதி, டிரைவின் உள்ளே இருக்கும் தற்காலிக இடத்தின் வேகம். இன்றைய பென் டிரைவ்களில் ஒரு செல்லில் மூன்று பிட் அல்லது நான்கு பிட் வைக்கிறார்கள், டிஎல்சி, கியூஎல்சி என்பவை அவைதான். அப்படி நெருக்கி எழுதுவது மெதுவான வேலை. அதனால் பல டிரைவ்கள் ஒரு பகுதியை மட்டும் செல்லுக்கு ஒரு பிட்டாக, வேகமாக எழுதும்படி ஒதுக்கி வைத்திருக்கும். கல்யாண மண்டப வாசலில் சாமான்களை வாங்கி வைக்கும் ஆள் வேகமாக வாங்கிவிடுவார், உள்ளே ஸ்டோர் ரூமில் அடுக்குபவர் நிதானமாகத்தான் அடுக்குவார், வாசல் நிரம்பிவிட்டால் வண்டி காத்திருக்க வேண்டியதுதான். அதேதான் இங்கும் நடக்கிறது.

ஆகவே 1 ஜிபி கோப்பை ஏற்றிப் பார்த்துவிட்டு "நல்லா ஸ்பீடா இருக்கு" என்று முடிவுக்கு வராதீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற இலவச மென்பொருளும் வழக்கமாக 1 ஜிபி அளவில்தான் சோதிக்கும், அதனால் அது காட்டும் எண் கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். 20 ஜிபி ஒரே மூச்சில் ஏற்றிப் பாருங்கள். கடைசி 5 ஜிபியில் என்ன வேகம் நிற்கிறதோ அதுதான் அந்த டிரைவின் உண்மையான வேகம்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல்?

கம்பெனி பெயரை மட்டும் சொல்வதில் பயன் இல்லை, ஒரே கம்பெனியில் மிக மெதுவானதும் மிக வேகமானதும் இருக்கின்றன. வேலையைச் சொல்கிறேன், அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு, பிடிஎஃப், ஜெராக்ஸ் கடை வேலை என்றால் பில்லோடு வரும் எந்தப் பெயர் பெற்ற டிரைவும் போதும். வேகத்துக்காக அதிகம் கொடுக்க வேண்டாம்.

தினமும் சில ஜிபி எடுத்துப் போக வேண்டும், ஃப்ளெக்ஸ் டிசைன் கோப்புகள், பள்ளி வீடியோக்கள் என்றால் நடுத்தர 3.2 ஜென் 1 டிரைவ். சாம்சங் பார் பிளஸ் எனக்குப் பிடித்த ஒன்று. முழுவதும் உலோகம், மூடி கிடையாது, பெரிய கொள்ளளவுகளில் 400 எம்பி வரை படிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. எழுதுவது அந்த அளவுக்கு வராது என்பதை நினைவில் வையுங்கள். கிங்ஸ்டன் எக்ஸோடியா மாதிரியானவை விலை குறைவு, மேலே 3.2 என்றும் இருக்கும். ஆனால் 3.2 என்பது பாதையின் அளவு மட்டும்தான். பாதை அகலம் என்பதால் உள்ளே இருக்கும் சிப் வேகமாகிவிடாது.

வேலையே கோப்பு மாற்றுவதுதான் என்றால் வேறு வகுப்பில் தேடுங்கள். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ 420 எம்பி படிக்கும், 380 எம்பி எழுதும் என்று இரண்டு எண்ணையும் வெளிப்படையாகப் போட்டிருக்கும். கிங்ஸ்டன் டேட்டா டிராவலர் மேக்ஸ், 3.2 ஜென் 2 வகை, 1000 படிக்கும், 900 எழுதும். டிரான்சென்ட் ஈஎஸ்டி310 என்பது பார்க்கப் பென் டிரைவ், உள்ளே எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான ஃப்ளாஷ் டிஸ்க், 1050 படிக்கும், 950 எழுதும். எழுதும் வேகத்தைத் தைரியமாக அச்சிடும் டிரைவ்தான் பொதுவாக நம்பத் தகுந்தது. மறைக்கும் டிரைவ் மறைப்பதற்குக் காரணம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அதே பெயர், அதே அட்டை, அதே நிறம் இருந்தும் உள்ளே சிப்பை மாற்றிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். நண்பரிடம் வேகமாக ஓடுகிறது என்பதற்காக உங்களுக்கும் அப்படியே ஓடும் என்று இல்லை. கொள்ளளவு மாறினாலும் வேகம் மாறும், சிறிய கொள்ளளவுகள் பெரும்பாலும் மெதுவாகவே எழுதும்.

64 ஜிபி வாங்கினேன், 58 தான் காட்டுகிறது. மீதி எங்கே?

தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று கணக்குப் போடுகிறார். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கிலேயே 64 என்பது 59.6 ஆகிவிடும். கொஞ்சத்தை டிரைவ் தன் உள்வேலைக்கு வைத்துக்கொள்ளும். 57 முதல் 59.6 வரை காட்டினால் கவலை இல்லை. 128 என்றால் 115 முதல் 119 வரை எதிர்பாருங்கள்.

2 டிபி பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்கு வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

2 டிபி, அதாவது 2000 ஜிபி பென் டிரைவ் உலகத்தில் இல்லாமல் இல்லை. 2017-இல் கிங்ஸ்டன் டேட்டா டிராவலர் அல்டிமேட் ஜிடி என்று அறிவித்தது. அது தடித்த கட்டையான பொருள், விலையும் லேப்டாப் விலையை எட்டியது. சில நூறு ரூபாய்க்கு வருவது வேறு. அதன் கன்ட்ரோலரில், அதாவது டிரைவை நடத்தும் சிப்பில், "நான் 2 டிபி" என்று பொய் சொல்லும்படி மாற்றி எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப்.

இப்படி ஒன்றை ஒரு அண்ணன் கொண்டுவந்தார். மகளின் காதணி விழாப் படங்கள் அதில் இருந்தன. ஃபோல்டரைத் திறந்தால் எல்லாப் படங்களின் பெயரும் வரிசையாக, அளவு, தேதியோடு இருக்கிறது. தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. உறையை நெம்பித் திறந்தோம். உள்ளே பச்சைப் பலகையில் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, பசை வைத்து ஒட்டியிருந்தது. கார்டின் மேல் பெயர்கூட இல்லை. பெயர்ப் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் எழுதப்படுவதால் அது தப்பித்துவிடுகிறது. உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் போகிறது, அல்லது பழையதன் மேலேயே விழுகிறது. அந்தப் படங்களை யாராலும் மீட்க முடியாது, ஏனென்றால் அவை எழுதப்படவே இல்லை. அண்ணனின் போனில் கொஞ்சம் இருந்ததால் அந்த அளவுக்குப் பிழைத்தது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். அந்த மாதிரி டிரைவ்கள் நொடிக்கு 5 எம்பி எழுதினாலே அதிகம். அந்த வேகத்தில் 2 டிபி நிரப்ப இரவு பகலாக நாலரை நாளுக்கு மேல் ஆகும்.

வாங்கியது அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதியுங்கள். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3. இரண்டும் இலவசம். டிரைவை விளிம்பு வரை நிரப்பி, நிரப்பியதை மறுபடி படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபி டிரைவுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், ஆகட்டும். முடிவில் பிழை இல்லை என்று வருவதோடு, முழு டிரைவுக்குமான சராசரி எழுதும் வேகத்தையும் எச்2டெஸ்ட்டபிள்யூ சொல்லிவிடும். முன்னால் சொன்ன 20 ஜிபி சோதனையும் இதிலேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் செய்யக்கூடிய ஒரே சோதனை என்றால் இதுவாக இருக்கட்டும்.

டவுன்ஹால் ரோட்டில் வாங்குவதா, ஆன்லைனிலா?

எங்கே என்பதைவிட எப்படி என்பது முக்கியம். நேரில் வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எம்ஆர்பி, இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் வருடமும், வாடிக்கையாளர் சேவை எண் இவை எல்லாம் இருக்க வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அட்டை இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தால் எடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே லேப்டாப்பில் போட்டு ஒரு பெரிய கோப்பை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்து காட்டும் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

ஆன்லைனில் விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் பெரிது, ஆனால் விற்பவர் தனி ஆளாக இருக்கலாம். ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள்.

டிவி, கார், மைக் செட்டில் போட்டால் எடுக்கவில்லை. டிரைவ் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் டிரைவில் குறை இருக்காது, ஃபார்மட்தான் காரணம், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஃபேட்32 எல்லா இடத்திலும் ஓடும். கார் ஸ்டீரியோ, மைக் செட் ஆம்ப்ளிஃபயர், பழைய டிவி எதுவானாலும். ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருந்தால் ஏற்றவே ஏற்றாது. டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தாலும் "கோப்பு பெரிது" என்று சொல்லும். கல்யாண வீடியோ ஏறாமல் திண்டாடுபவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டியிருப்பார்கள்.

எக்ஸ்ஃபேட்டில் அந்த 4 ஜிபி தடை இல்லை. விண்டோஸ், மேக், புதிய டிவிகள், பெரும்பாலான புதிய போன்கள் எல்லாவற்றிலும் ஓடும். பெரிய வீடியோவுக்கு இதைத்தான் போடுவேன். என்டிஎஃப்எஸ் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் சுற்றும் டிரைவுக்குச் சரி. மேக்கில் படிக்கலாம், எழுத முடியாது.

விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் ஜன்னலில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வே வராது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் வரும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

மைக் செட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சித்திரைத் திருவிழாவுக்கும் ஊர்ப் பொங்கலுக்கும் முன்னால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "பிள்ளையார் பாட்டு முதல்ல வரணும்ணே, நடுவுல வருது." சாதாரண ஆம்ப்ளிஃபயர்கள் பாட்டைப் பெயர் வரிசையில் எடுப்பதில்லை, எந்த வரிசையில் ஏற்றினீர்களோ அந்த வரிசையில்தான் எடுக்கும். டிரைவை ஃபேட்32-இல் புதிதாக ஃபார்மட் செய்யுங்கள். பாட்டுகளுக்கு 001, 002 என்று முன்னால் எண் போட்டு, முதலில் வர வேண்டியதை முதலில் ஏற்றுங்கள். பழைய பாட்டை அழித்துவிட்டு இடையில் புதியதைச் செருகினால் வரிசை மறுபடி குலையும், மொத்தமாக அழித்து ஏற்றுவதே நல்லது. இந்த வேலைக்கு 16 அல்லது 32 ஜிபி 2.0 டிரைவே தாராளம். ஒரே மாதிரி இரண்டு தயார் செய்து ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமி புறப்படும் நேரத்தில் டிரைவ் எடுக்கவில்லை என்றால் ஊரே உங்களைத்தான் பார்க்கும்.

எத்தனை வருடம் உழைக்கும்? நம் ஊர் வெயில் தாங்குமா?

இரண்டு விதமாகக் கெடும். எழுதி எழுதித் தேய்வது ஒன்று. டிஎல்சி செல்கள் தோராயமாக ஆயிரம் தடவை அளவில் அழித்து எழுதினால் தளரும். வீட்டு உபயோகத்தில் அந்த எல்லையைத் தொடுவது கடினம், சிசிடிவி பதிவுக்கோ விண்டோஸையே பென் டிரைவில் ஓட்டுவதற்கோ வைத்தால் சீக்கிரம் தொடும்.

மற்றது, பீரோவில் சும்மா கிடந்தே கெடுவது. செல்லில் சிக்கியிருக்கும் மின்னூட்டம்தான் உங்கள் படம். அது மெல்ல மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாகக் கசியும். நிறையத் தேய்ந்த டிரைவில் மேலும் வேகம். அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். கிங்ஸ்டன் தன் சாதாரண டிரைவ்களுக்கு இயங்கும் வெப்பநிலை 0 முதல் 60 டிகிரி என்று போடுகிறது. பாட்டு டிரைவ் காரில் கிடந்தால் கிடக்கட்டும், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ இருக்கும் ஒரே டிரைவ் அங்கே கிடக்க வேண்டாம்.

ஓடும்போது சூடாவது வேறு விஷயம். வேகமான 3.0 டிரைவ்கள் சுடத்தான் செய்யும், உலோக உறை சூட்டை வெளியே விடுகிறது என்று அர்த்தம்.

முக்கியமான எதுவும் பென் டிரைவில் மட்டும் இருக்கக் கூடாது. லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, முடிந்தால் கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று. பென் டிரைவில் நெடுநாள் வைத்தே ஆக வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்றுங்கள்.

"சேஃப்லி ரிமூவ்" கொடுக்காமல் உருவினால் என்ன ஆகும்?

2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பென் டிரைவ்களுக்கு "குயிக் ரிமூவல்" முறைதான் இயல்பாக இருக்கிறது. காப்பி முடிந்து, விளக்கும் அணைந்த பிறகு உருவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லினக்ஸில் அப்படி இல்லை. "முடிந்தது" என்று திரையில் வந்த பிறகும் ரேமிலிருந்து டிரைவுக்குப் போய்க்கொண்டே இருக்கும், எஜெக்ட் கொடுத்து அது சொல்லும் வரை காத்திருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் அந்த ஒரு கோப்பு மட்டுமல்ல, மொத்தப் பட்டியலே சிதையலாம். நான் எந்தக் கம்ப்யூட்டரிலும் எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் போட்டு வந்ததும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது!

பதறாதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அந்த ஷார்ட்கட்டைத் தட்டினால்தான் உங்கள் கம்ப்யூட்டருக்கும் தொற்றும். முதலில் விண்டோஸ் டிஃபெண்டரால் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே "புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதை மறைக்கச் சொல்லும் டிக்கையும் எடுத்துவிடுங்கள், இதை எடுக்காமல் பல நேரம் தெரியாது. உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும், அவற்றை லேப்டாப்புக்கு எடுத்துவிட்டு, பிறகு டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

புராஜெக்ட் பிரிண்ட் எடுக்கும் மாணவர்களுக்கு: வெளியே கொடுப்பதற்கென்று ஒரு சின்ன, மலிவான டிரைவ் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அன்றைக்குத் தேவையான பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்புக் நகல் எல்லாம் சேர்ந்து கிடக்கும் டிரைவை யார் கம்ப்யூட்டரிலும் செருகாதீர்கள். மாட்டுத்தாவணியில் தொலைந்துவிட்டால் எடுத்தவருக்கு எல்லாமே கிடைத்துவிடும் என்பதையும் யோசியுங்கள். அந்த மாதிரி டிரைவுக்குக் கடவுச்சொல் போடுவது நல்லது. விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் இருக்கிறது, மற்றவர்களுக்கு வெராகிரிப்ட் இலவசம்.

"ரைட் புரொடெக்டட்" என்கிறது, அல்லது ஃபார்மட் செய்யச் சொல்கிறது. என்ன செய்ய?

பக்கத்தில் பூட்டு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், சில மாடல்களில் உண்டு. இல்லையென்றால், டிரைவின் கன்ட்ரோலர் செல்கள் தளர்ந்ததைக் கண்டு, இனி எழுத விடுவதில்லை என்று பூட்டியிருக்கலாம். படிக்க விடுகிறது அல்லவா, அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி உடனே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பூட்டைத் திறக்கும் வித்தைகள் வேண்டாம்.

ஃபார்மட் செய்யச் சொன்னால் "கேன்சல்" கொடுங்கள். அதில் மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைப்பதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். கம்ப்யூட்டருக்கே தெரியாத அளவுக்கு இறந்துவிட்டால் டேட்டா மீட்பு நிலையம்தான் வழி. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டிரைவ்களில் சிப்பும் கன்ட்ரோலரும் ஒரே வில்லையாக வார்க்கப்பட்டிருக்கும், அவற்றில் மீட்பது கடினம், செலவும் அதிகம்.

போனிலும் போட வேண்டும்.

ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் சாதாரண யுஎஸ்பி இருக்கும் டூயல் டிரைவ் வாங்குங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிஜி, அதாவது பென் டிரைவைப் போனிலேயே செருகிப் பயன்படுத்தும் வசதி, இருக்க வேண்டும், இப்போதைய போன்களில் பெரும்பாலும் இருக்கிறது. ஐபோன் என்றால் 15 முதல் டைப்-சி. பல போன்களின் டைப்-சி வாய் உள்ளுக்குள் 2.0 வேகம்தான், மெதுவாக ஓடினால் டிரைவைக் குறை சொல்ல வேண்டாம்.

நான் வீடியோகிராபர். பென் டிரைவ் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா?

உங்கள் வேலைக்கு எஸ்எஸ்டி. பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ காலையிலிருந்து மாலை வரை ஜல்லிக்கட்டு எடுத்தால் கார்டு கார்டாக நிரம்பும். அவற்றை அங்கேயே இறக்க வேண்டும் என்றால் நூறு ஜிபிக்குப் பிறகும் வேகம் குறையாத பொருள் வேண்டும். சாதாரணப் பென் டிரைவ் அதற்குச் செய்யப்பட்டதே இல்லை. போர்ட்டபிள் எஸ்எஸ்டி ஒன்று, அதன் நகலுக்கு இன்னொன்று, இரண்டிலும் இறங்கும் வரை கேமரா கார்டை அழிக்காதீர்கள்.

வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்குப் பென் டிரைவ் சரி. 64 ஜிபி, எக்ஸ்ஃபேட். அவர்கள் வீட்டு டிவியில் ஓடுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எச்.265 என்ற புதிய வீடியோ சுருக்க முறையில் ஏற்றிய 4கே வீடியோ பழைய டிவியில் ஓடாது, சாதாரண எச்.264 ஃபுல் எச்டி நகல் ஒன்றும் சேர்த்து வையுங்கள்.

வாரண்டி உண்மையிலேயே கிடைக்குமா?

கிடைக்கும். பெயர் பெற்ற கம்பெனிகள் பலவும் 5 வருடம் வரை தருகின்றன. பில்லும், டிரைவில் பொறித்திருக்கும் எண்ணும் கேட்பார்கள். பில் மை ஆறு மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே பில்லையும் அட்டையின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மாற்று டிரைவ் தருவார்கள், உள்ளே இருந்த கோப்புகளுக்குப் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். பழையதைத் திருப்பியும் தர மாட்டார்கள். ஆகவே வங்கி விவரம், ஆதார் நகல் இருந்த டிரைவ் அழிக்கக்கூட முடியாதபடி இறந்துவிட்டால், வாரண்டியை விட்டுவிட்டு, உறையைத் திறந்து கறுப்புச் சிப்பை இரண்டாக உடைத்துவிடுங்கள்.